அரசாங்கத்தின் பிள்ளை

"பெட்டைப் பிள்ளை," என்றாள் மருத்துவிச்சி.

பெற்றவள் சிரித்தாள்.

விடியலிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். இப்போது வாய்விட்டுச் சிரித்தாள். மருத்துவிச்சியும் சிரித்தாள். மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் குடிலில் இதற்கு முன் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் எல்லாப் பெண்களும் ஆண் பிள்ளை கேட்டுக் கோயிலுக்கு நேர்ந்தார்கள். அடிமைப் பெண்கள் மட்டும் அந்த வருடம் பெண் கேட்டு நேர்ந்தார்கள்.

கோட்டையிலிருந்து வெள்ளைக்காரரின் சட்டம் வந்திருந்தது. அடிமையின் வயிற்றில் இனிப் பிறக்கும் பெண் குழந்தையை அரசாங்கமே எசமானிடம் காசு கொடுத்து வாங்கிவிடும். பிறந்த கணமே அது அடிமை இல்லை.

ஆண் குழந்தையைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

தாயைப் பற்றியும் சொல்லவில்லை. எழுதியவர்கள் நல்ல மனிதர்கள்தான். அவர்களில் யாரும் பிள்ளை பெற்றதில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய மூத்தவன் எசமானின் மூத்த மகளுக்குச் சீதனமாகப் போனான். மாடுகளோடு சேர்த்து அனுப்பினார்கள். வண்டிக்குப் பின்னால் நடந்தான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் அடி விழும்.

இவளை யாரும் அப்படி நடத்திக்கொண்டு போக முடியாது.

"தாங்கோ அக்கா," என்று கையை நீட்டினாள்.

வாசலில் நிழல் விழுந்தது. நாச்சியார் வந்திருந்தாள். எசமானின் மனைவி. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

நாச்சியாரைக் கெட்டவள் என்று ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுக்கிறவள். ஒருவரையும் தன் கையால் அடித்ததில்லை.

"என்ன பிள்ளை?"

"பெட்டை, நாச்சியார்."

"நல்லது. கடகத்திலை வைச்சு உடையாரிட்டைக் குடுத்துவிடு."

உடையார் வேலிக்கு வெளியே பூவரச நிழலில் நின்றார். ஊரில் பிறந்ததைக் கோட்டைக்கு எழுதி அனுப்புவது அவர் வேலை. பிள்ளை பெற்ற இடத்துக்குக் கிட்ட வந்தால் துடக்கு, தீட்டு. அதனால் அவர் வேலியைத் தாண்டுவதில்லை.

மருத்துவிச்சிக்கு விளங்கவில்லை. "இன்னும் பால் குடுக்கேல்லை நாச்சியார்."

"ஆரின்ரை பால்?"

மருத்துவிச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"பிள்ளையை அரசாங்கம் வாங்கிப்போட்டுது. வாங்கினவை வளர்க்கட்டும். இவள் எங்கடை ஆள். எங்கடை சோறு திண்டு ஊறின பால் எங்கடை பேரனுக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்தான். உள்வீட்டில் அவளுடைய இளைய மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அவளுக்குப் பால் சுரக்கவில்லை.

"துரைமார் அப்பிடிச் சொல்லேல்லையே," என்றாள் மருத்துவிச்சி.

"குடுக்கச் சொல்லியும் சொல்லேல்லை."

 

மருத்துவிச்சி பனையோலைக் கடகத்தில் பழஞ்சீலை ஒன்றை விரித்தாள். குழந்தையை அதற்குள் வைத்தாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோட்டை தூரம். கோட்டையில் பால் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள்.

குழந்தை அழுதது.

பாயில் கிடந்தவளின் மார்புச் சீலை நனைந்தது. அவள் அதைக் கையால் அழுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை.

"என்ன பிள்ளை எண்டு தெரியேல்லையே?" வெளியிலிருந்து உடையார் கேட்டார். "கூரையிலை சத்தத்தைக் காணேல்லை."

ஆண் பிறந்தால் பனைமட்டையால் கூரையில் தட்டுவது வழக்கம். பெண்ணுக்குத் தட்டுவதில்லை. துடக்குக்குப் பயந்து தள்ளி நிற்கிற உடையாருக்கு அந்தச் சத்தம்தான் சாட்சி. அதைக் கேட்டுத்தான் எழுதுவார்.

அவள் முழங்கையை ஊன்றி எழும்பினாள்.

"அக்கா. கூரையைத் தட்டுங்கோ."

மருத்துவிச்சி திரும்பிப் பார்த்தாள்.

"எடி விசரி. இந்தப் பிள்ளை அடிமை இல்லையடி."

"தட்டுங்கோ."

"பிறகு மாத்தேலாது. எழுதினால் எழுதினதுதான்."

"உசிரோடை இருக்கட்டும் அக்கா."

 நாச்சியார் வேலிப் பக்கம் திரும்பி, தன்னுடைய மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. நாளைக்கு யார் கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்லுவாள், அது பொய்யும் இல்லை.

மருத்துவிச்சி மட்டையை எடுத்தாள்.  பிறந்த எத்தனையோ ஆண் பிள்ளைகளுக்கு அவள் சந்தோசமாகத் தட்டியிருக்கிறாள்.

தட்டினாள்.

கூரையிலிருந்து தூசு கொட்டியது.

"பொடியனே?" என்றார் உடையார். "அப்ப கோட்டைக்கு வேலையில்லை. நல்ல காலம் நாச்சியார் உங்களுக்கு."

"கடவுள் தந்தது," என்றாள் நாச்சியார்.

உடையார் குடையை விரித்துக்கொண்டு போனார்.

மருத்துவிச்சி கடகத்திலிருந்து குழந்தையை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள். அது தேடி, பிடித்து, இழுத்துக் குடித்தது. அவள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

நாச்சியார் இன்னும் வாசலிலேயே நின்றாள்.

"ஒரு பக்கம் போதும்," என்றாள். "மற்றது உள்வீட்டுத் தம்பிக்கு."