முகத்துக்கு ஒரு முரட்டு மாத்திரை

"பரு வந்து யாராவது செத்திருக்காங்களா டாக்டர்? வயசானா தானா போயிடும்" என்றாள் அம்மா.

"இது சீழ்க்கட்டி ரகம்மா, களிம்புக்கெல்லாம் மசியாது. மாத்திரைதான் வழி. ஆனா முரட்டு மாத்திரை. உதடு வெடிக்கும். மாசாமாசம் ரத்தம் எடுத்து, கல்லீரல் ஒழுங்கா இருக்கான்னு பாக்கணும். மனசு சோர்ந்து போகுதான்னும் கவனிக்கணும்."

அம்மா பதறினாள். "வேண்டவே வேண்டாம்! எவ கிண்டல் பண்ணினா என்ன? எனக்கு இவ ராஜாத்திதான்."

"கிண்டலுக்காக இல்லம்மா." மகள் குறுக்கிட்டாள். "போன வருஷம் வலி தாங்காம உன் கையைத் தட்டிவிட்டேன். அன்னையிலிருந்து நீ என் முகத்தைத் தொடவே இல்லை."

அம்மா டாக்டர் பக்கம் திரும்பினாள். "எழுதுங்க டாக்டர்" என்றாள்.

உதடு வெடிக்கத்தான் செய்தது. ரத்தத்தில் கோளாறு எதுவும் இல்லை. மகள் பேசும்போதெல்லாம் குரலில் சோர்வு தட்டுகிறதா என்று அம்மா காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

மாத்திரைகள் முடிந்து, கடைசிப் பரிசோதனைக்குப் போய்விட்டு வீடு திரும்பியதும் மகள் சொன்னாள். "இப்போ வலிக்காதும்மா."

அம்மா தன் வெள்ளைக் கோலை மடக்கி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல்கள் நெற்றியிலிருந்து இறங்கி, தழும்புகளின் மேடுபள்ளம் தாண்டி, தாடையில் வந்து நின்றன. பழைய உப்பல் கன்னத்தைக் காணோம்.

பிறவியிலேயே பார்வை இல்லாத அம்மா மலைத்துப் போனாள்.

"அடேயப்பா! எனக்குத் தெரியாம எப்படிடி இவ்வளவு வளந்தே?"