துரை நாய்க்கு வலிப்பு

ரப்பர் தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது தம் நாயைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டில் விட்டார். கூடவே ஒரு கடிதமும் கொடுத்தார். நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால், யாரும் மறுபேச்சுப் பேசாமல் தோட்டத்து லாரியில் அதைச் சிகாமட் டவுனுக்கு வைத்தியத்துக்கு அனுப்பவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

மூன்று மாதமாக மாதா படத்துக்குப் பின்னால் கிடந்த அந்தக் கடிதத்தைக் கிராணியின் மனைவி கத்தரின் இன்று காலை சின்னத் துரையிடம் நீட்டினாள்.

"நாய்க்கு வலிப்பு வந்துருச்சுங்க."

உடனே லாரி வந்தது. ஓட்டி வந்த ஐயாசாமியின் காலை நாய் வாலாட்டியபடி முகர்ந்தது. கத்தரினோ தொழிலாளர் லயத்துப் புஷ்பவள்ளியின் வலிப்பு வந்த குழந்தையைக் கம்பளியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்; பின்னாலேயே புஷ்பவள்ளியும் வந்தாள்.

"கிராணியம்மா, லாரி ரப்பர் ஏத்தத்தான், ஆள் ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு."

"நாய்னு நெனச்சுக்கிட்டு ஓட்டு, ஐயாசாமி."

சிகாமட் ஆஸ்பத்திரியில் குழந்தை கண் திறந்தது. புஷ்பவள்ளி கும்பிட்ட கையை இறக்கவில்லை. கத்தரின் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்து, படியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு உசுரக் காப்பாத்தத்தானே பொய் சொன்னீங்க. அந்தப் பாவத்துக்கா அழுவுறீங்க?" என்றான் ஐயாசாமி.

"அதுக்கில்ல. போன மாசம் எம் புள்ளைக்கு இதே வலிப்பு வந்தப்போ, லாரி கெடையாதுன்னு சொன்னதும் பேசாம வீட்டுக்குத் திரும்பிட்டேன். அவனப் பொதைக்கிற வரைக்கும் அந்தக் கடுதாசி மாதா படத்துக்குப் பின்னாலதான் இருந்துச்சு. இந்தப் பொய்தான் அப்போ எனக்குத் தோணல."