பக்கத்து டிரெட்மில்

கடலோர சொகுசு விடுதியின் ஜிம் வாசலில், தொப்பையை எக்கிப் பிடித்தபடி தயங்கினார் வக்கீல். உள்ளே எல்லாரும் கட்டுமஸ்தாக இருந்தால் அப்படியே அறைக்குத் திரும்பிவிட உத்தேசம்.

எட்டிப் பார்த்தார். டிரெட்மில்லில் ஒரு குண்டு மனிதர் புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த வயிற்றுக்கு முன்னால் தன்னுடையதெல்லாம் ஒரு வயிறா? மூச்சையும் தொப்பையையும் ஒன்றாக விட்டுவிட்டுப் பக்கத்து மெஷினில் ஏறினார் வக்கீல்.

"உங்களுக்கெல்லாம் எதுக்கு சார் ஜிம்? ஈர்க்குச்சி மாதிரி இருக்கீங்க!" என்றார் குண்டு மனிதர்.

வக்கீலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "சும்மா, உடம்பை இப்படியே வச்சுக்கத்தான்" என்றார். போகும்போது பயிற்சியாளரைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வாரம் தங்கறேன்னு ரிசப்ஷன்ல சொல்லிடுங்க" என்றார்.

அவர் தலை மறைந்ததும், பயிற்சியாளர் குண்டு மனிதரை எடை மெஷினில் ஏற்றினார். முள்ளைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"என்னய்யா, மறுபடியும் இளைச்சிருக்க?"

"நாள் பூரா ஓடவிட்டா இளைக்காம என்ன செய்யும் மாஸ்டர்?"

"வர்றவங்க உன்னைப் பார்த்துத் தெம்பாகணும்னுதானே விடுதில உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க? இன்னும் கொஞ்சம் குறைஞ்சா வேலை போயிடும். ஓடு, பஃபே மூடறதுக்குள்ள ஐஸ்கிரீமையாவது அள்ளிப் போட்டுக்க!"

"நடந்தே போறேன் மாஸ்டர். ஓடினா அதுலயும் இளைச்சுடுவேன்."