விண்கப்பல் கதவுச் சண்டை

“கதவைப் பூட்டுறவன்... பக்கத்திலயே... விடுகதையும் எழுதி வைப்பானோ? விசர்க் கதை!”

வேலிப் படலைக்குள் கால் வைக்கும்போதே நிறஞ்சலாவுக்கு அப்பாவின் குரல் கேட்டது. பாரிசவாதம் வந்ததிலிருந்து சிங்கராசாவுக்கு நாக்குத்தான் இழுத்தது, கோபம் இழுக்கவில்லை.

“ஏன் மாமா வைக்கமாட்டான்? புத்தியுள்ளவன் மட்டும் உள்ள வரட்டும் எண்டு வைச்சிருப்பான்.”

இது அவளுடைய புருசன் மில்ரன்.

நிறஞ்சலா நண்டுக் கொம்பனியில் பகல் முழுக்க நின்றபடி நண்டுச் சதை எடுத்துவிட்டு வந்திருந்தாள். கால் விண்விண் என்று வலித்தது. பேசாலைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, மணலில் கால் புதைய நடந்து வீட்டுக்கு வந்தால், பின்னேரம் பின்னேரம் இதே கூத்துத்தான்.

ரீவியில் ஒரு விண்கப்பல் தொடர், தமிழ்க் குரலோடு. எங்கேயோ ஒரு கிரகத்தில் ஒரு கதவு. கதவில் ஒரு புதிர். புதிரை அவிழ்த்தால் கதவு திறக்குமாம். அது திறக்கிறதோ இல்லையோ, இவர்கள் இரண்டு பேருடைய வாயும் மூடுவதில்லை.

“உள்ள வரவேணுமெண்டா... திறந்து விடுறது. வரவேண்டாமெண்டா... பூட்டுறது. இடையில என்ன... விளையாட்டு?” சிங்கராசா நல்ல கையால் கதிரையில் அடித்தார்.

“அது விஞ்ஞானம். உங்களுக்கு விளங்காது மாமா.”

“எனக்கோ? எனக்கோ விளங்காது? நான் முருங்கனுக்குப் போறன்! மூத்தவள் வீட்டை போறன்!”

“போறதெண்டாலும் கதவு திறக்கிறதைப் பார்த்திட்டுப் போங்கோ.”

நிறஞ்சலா அடுப்படியில் பையைப் போட்டாள். அழுகை வந்தது. துக்கத்தில் வருகிற அழுகை இல்லை, அலுப்பில் வருகிறது.

ஒருத்தர் நோயாளி. மற்றவன் நோயில்லாத நோயாளி. இழுவைப் படகு அவனுடைய வலையை அறுத்துக்கொண்டு போன நாளிலிருந்து மில்ரன் கடலுக்குப் போவதில்லை. முதலில் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். இப்போதுதான் திரும்பியிருக்கிறான், அதுவும் மாமனாரோடு மல்லுக்கட்ட.

அவனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

“இஞ்சருங்கோ, நோயாளி மனுசனோட என்ன வீம்பு? ஒருக்கா ‘ஓம் மாமா, நீங்கள் சொல்லுறதுதான் சரி’ எண்டு சொன்னா உங்கட தலை கழண்டு விழுந்திடுமோ? வேலையால வந்தா ஒரு வாய் தேத்தண்ணி நிம்மதியாக் குடிக்க ஏலாமக் கிடக்கு.”

மில்ரன் வாளியைக் கிணற்றுக்குள் விட்டான்.

“அவர் சொல்லுறதுதான் சரி எண்டு எனக்கும் தெரியும். எந்த மடையன் பூட்டின கதவில விடுகதை எழுதுவான்?”

“பிறகென்னத்துக்கு இந்தச் சண்டை?”

“ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி தாற மிஸ் சொன்னவ, ‘ஐயாவைக் கதைக்க வையுங்கோ, கதைச்சாத்தான் நாக்குத் திருந்தும்’ எண்டு. சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டா தலையை ஆட்டுறார். செபம் சொல்லுவம் எண்டா கண்ணை மூடுறார். கோபம் வந்தா மட்டும்தான் முழு வசனம் வருது.” குரலைத் தாழ்த்தினான். “மாதா மேல ஆணையா, அந்தத் தொடர்ல எனக்கு ஒரு மண்ணும் விளங்கிறேல்ல.”

சோம்பேறி, சோம்பேறி என்று நிறஞ்சலா அவனை மனதுக்குள் எத்தனை தரம் திட்டியிருப்பாள்! வெட்கமாக இருந்தது.

“ரோச் லைற் பற்றறி முடிஞ்சுபோச்சு. வாங்கிக்கொண்டு வாறன்” என்று அவன் கடைப் பக்கம் போனான்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். ரீவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கராசா விளம்பரத்தையும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அவரைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

அப்பா கடலுக்குப் போன காலத்தில், மீன் பிடிக்கிற கூட்டைக் கடலடியில் இறக்கினால், அடையாளத்துக்கு மேலே மிதப்புக் கட்டமாட்டார். கட்டினால் கண்டவனும் கூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கடலில் இருந்து பார்க்க, கோயில் சிலுவை ஒரு பனையின் உச்சியில் இருப்பதுபோலத் தெரிகிற இடமாகப் பார்த்து இறக்குவார். அந்த இடத்தையும் நேரே சொல்லமாட்டார். ‘ஆண்டவர் பனையேறுற இடம்’ என்பார். அவருடைய வள்ளத்து ஆட்களுக்கு விளங்கும். ஊருக்கு விளங்காது.

நிறஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்தது.

“அப்பா, நீங்களே விடுகதை போட்டுத்தானே கூடு இறக்கினனீங்கள்? மற்றவன் எடுக்கக்கூடாது, எங்கட ஆள் எடுக்கவேணும் எண்டுதானே? அந்தக் கதவும் அப்பிடித்தானே? உங்கட மருமோன் சொல்லுறது சரியெல்லோ?”

சிங்கராசா உடனே வாசலை எட்டிப் பார்த்தார். மில்ரன் இல்லை. நல்ல கையின் விரலை உதட்டில் வைத்தார்.

“சரிதான் பிள்ளை. முதல் நாளே... எனக்குத் தெரியும். அவனுக்குச் சொல்லிப்போடாத.”

“ஏனப்பா?”

“நான் ஓம் எண்டிட்டா... அந்தப் பெடியன் திரும்பவும்... சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திடுவான்.”