கண்ணை மறைத்த புல்

காட்டில் ஒரு மந்தி, புகைப்படங்களைத் திருத்தி அழகாக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அதனிடம் வந்த முதல் படம் காட்டுப்பன்றியுடையது.

"பெண்டாட்டிக்குக் கொடுக்கணும், நல்லா பண்ணிக்கொடு" என்று சொல்லியிருந்தது பன்றி.

மந்தி ஆசை ஆசையாக வேலையில் இறங்கியது. உடம்பிலிருந்த சேற்றை அழித்தது. உடைந்த கோரைப்பல்லை நீட்டிவிட்டது. மங்கிய வானத்தை நீலமாக்கியது. பன்றிக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியை அழைத்துவந்து திரையைக் காட்டியது.

பெண்பன்றி வெகுநேரம் பார்த்தது. "லட்சணமாத்தான் இருக்கார். யார் இவர்?" என்றது.

பன்றியின் முகம் வாடிப்போனது. மந்திக்கு அழுகையே வந்துவிட்டது. செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கியது. வானம் மங்கியது, சேறு திரும்பியது. உடைந்த பல் தெரிந்ததும் பெண்பன்றி திரையில் மூக்கை வைத்து உரசியது.

"இப்பதான் எங்க வீட்டுக்காரர்."

"அப்போ நான் செய்ய ஒண்ணுமே இல்லையா, அக்கா?" என்றது மந்தி.

"ஏன் இல்லை? கண்ணுக்குக் குறுக்கே ஒரு புல் நிக்குது பாரு. அதை எடுத்துடு."

மந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்லை மட்டும் மெல்ல அழித்தது. படத்திலிருந்த பன்றி இரண்டு கண்ணாலும் தன் மனைவியைப் பார்த்தது.