காதால் கேட்க வேண்டும்

“அவ்வளவு பயமா இருந்தா கண்ணாடியைக் கழட்டிட்டுப் படி. எதிர்ல உக்காந்திருக்கிறது மனுஷனா மூட்டையான்னே உனக்குத் தெரியாது.”

வண்டியிலிருந்து இறக்கிவிட்டபோது கணவன் கேலியாகத்தான் சொன்னான். அவளுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றி, “இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா” என்று ஊராரைக் கேட்கிறவளுக்கு, தன் கண்ணாடி இல்லாவிட்டால் நாலடிக்கு அப்பால் எல்லாமே மூட்டம்தான்.

கூட்டம் மாடியில். கீழ்த்தளத்து டியூஷன் அறையில் பிள்ளைகள் தலை நிமிராமல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் தனக்கும் பரீட்சை போலத் தோன்றிவிட, விறுவிறுவென்று மேலே ஏறினாள்.

இரண்டு வருடமாக ஞாயிறு மாலைகளில் கணினித் திரையில் நடந்த கவிதை வாசிப்பு, இன்றுதான் மறுபடியும் ஒரே கூரைக்கு அடியில் கூடுகிறது. அவள் சேர்ந்ததே திரையில்தான். அங்கே ஒருவர் வாசித்து முடித்தால் மற்றவர்கள் சத்தம் வராமல் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டுவார்கள், ரயிலில் போகிறவர்களை வழியனுப்புவது போல. பிடித்துத்தான் ஆட்டுகிறார்களா, பக்கத்துக் கட்டத்து ஆள் ஆட்டுகிறாரே என்று ஆட்டுகிறார்களா, யார் கண்டது?

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கைதட்டல். அதைக் காதால் கேட்க வேண்டும். அதுவும் இன்றைக்கே கேட்க வேண்டும்.

ஏனென்றால் அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு மாலையும் கடை உண்டு. “ஞாயித்துக்கிழமை பொறுப்பு உனக்குத்தான். வர்றியா, வேற ஆளைப் பார்க்கட்டுமா? ராத்திரிக்குள்ள சொல்லிடு” என்று முதலாளி கெடு வைத்திருந்தார். போனால் கூடுதல் சம்பளம், கவிதைக்கு முழுக்கு. நமக்கு இதெல்லாம் வருமா வராதா என்று தெரிந்துவிட்டால் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

“வாம்மா, வா. நீதான் முதல்ல” என்று வரவேற்றார் மியூட் அண்ணன். கூட்டத்தை நடத்துகிற கணக்கு வாத்தியார். இரண்டு வருடமாக எல்லாரையும் “மியூட் பண்ணுங்க, மியூட் பண்ணுங்க” என்று கெஞ்சிக் கெஞ்சியே அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்.

“முதல்லயா? நாலஞ்சு பேர் படிக்கட்டும்ண்ணா.”

“அதுக்குள்ள நீ மயங்கி விழுந்துடுவ. வந்து நில்லு. மைக் வேண்டாம், வாயாலயே படி.” பிறகு கூட்டத்தைப் பார்த்து, “எல்லாரும் நம்ம பழைய பழக்கத்தை மறந்துடாதீங்க” என்றார். கூட்டம் மெல்லச் சிரித்தது. செல்போனைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று அவள் தன்னுடையதைத் தடவி ஒலியை அடைத்துக்கொண்டாள்.

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கூட்டம் கரைந்து போனது. தாளை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

கடைக்கு வந்த ஒரு லாரி டிரைவரைப் பற்றிய கவிதை அது. முதல்முறையாகக் கண்ணாடி மாட்டிக்கொண்டவர், கடையில் எதையும் பார்க்காமல், தன் உள்ளங்கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்ற கதை. ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. பிறகு அந்த மனிதரே பக்கத்தில் வந்து நின்றது போல நடுக்கம் தானாக அடங்கிவிட்டது. கடைசி வரியை நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

எங்கோ ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. எதிரே மூட்டத்துக்குள் என்னவோ அசைந்தது. அசைவு கூடிக்கொண்டே போனது. எழுந்து போகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. ஒரு மரியாதைக்குக்கூடவா தட்ட மாட்டார்கள்? முகம் தீயாகச் சுட்டது.

கண்ணாடி மேசையிலேயே இருக்க, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பாதிப் படியில் நின்று செல்போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, ‘ஞாயிறு வர்றேன் சார்’ என்று தட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றதால் அனுப்புகிற பொத்தான் எங்கே என்று தெரியவில்லை.

“எங்கம்மா ஓடுற?” மியூட் அண்ணன் மூச்சு வாங்க இறங்கி வந்தார். ஆனாலும் குரல் ரகசியம் போலத்தான் வந்தது.

“பரவாயில்லைண்ணா. நமக்கு இது வராதுன்னு தெரிஞ்சுபோச்சு. கடையைப் பார்த்துக்கிட்டுப் போறேன்.”

“யாரு சொன்னா வராதுன்னு?”

“யாராவது ஏதாவது சொன்னாத்தானே? ஒரு சத்தம் வந்துச்சா அங்க?”

 அவர் கீழே பரீட்சை அறைப் பக்கம் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போனார். வாசலில் அவளைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து அவளுடைய கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

“முதல்ல இதைப் போட்டுக்கிட்டுப் பாரும்மா. இன்னும் ஒருத்தர்கூட கையை இறக்கல.”