ரைவல் என்றால்

"ரைவல்ங்கற வார்த்த எங்கிருந்து வந்துச்சு தெரியுங்களாப்பா?"

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மதுமதி புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்து கேட்டாள். மண்வெட்டியோடு வயலுக்குக் கிளம்பிய தனசேகர் வாசலில் நின்றார்.

"லத்தீன்ல இருந்துங்க. ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கறவங்கன்னு அர்த்தமாம்."

தனசேகருக்குச் சுருக்கென்றது. ஜேடர்பாளையத்திலிருந்து வரும் வாய்க்காலில் அவருடைய மஞ்சள் வயலும் பச்சமுத்துவின் மஞ்சள் வயலும் அடுத்தடுத்து இருந்தன. இருவரும் பேசி ஏழு வருடமாகிறது. வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை தனசேகரின் முறை. ஆனால் மூன்று வாரமாக, அவர் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் மடையில் தண்ணீர் பாதியாகிவிடுகிறது. பச்சமுத்துவின் வயல் மட்டும் ஈரத்தில் மினுங்குகிறது.

"பாத்தியா, வெள்ளக்காரனுக்கே தெரிஞ்சிருக்குது. ஒரே வாய்க்கால்ல நிக்கிறவன் எதிரிதான்."

"அப்படியில்லீங்கப்பா. மொதல்ல பங்கு போட்டுக்கறவங்கன்னுதான் அர்த்தம். சண்ட பின்னாலதான் வந்து சேந்துச்சாம்."

அதைக் கேட்க அவர் அங்கே இல்லை.

அன்று வியாழக்கிழமை. ஒரு மணிக்கு வழக்கம்போல் சாப்பிடக் கிளம்புவதுபோல நடந்தவர், வாழைத்தோப்பைச் சுற்றி வந்து மடைக்குப் பக்கத்தில் பதுங்கிக்கொண்டார். பசி வயிற்றைக் கிள்ளியது. ஆதாரத்தோடு ஊர்ப் பஞ்சாயத்தில் நிறுத்த வேண்டும் என்று செல்போனில் கேமராவைத் திறந்து வைத்திருந்தார்.

கால் மணி நேரத்தில் வரப்பில் காலடி கேட்டது. வந்தது ஒரு பெண். தலையில் துண்டு போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தவள், சேற்றை அள்ளிப் போட்டு அவருடைய மடையைப் பாதி அடைத்தாள். பிறகு பக்கத்து வயலின் மடையைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பச்சமுத்துவின் வயலுக்குள் ஓடியது.

பெண்டாட்டியை அனுப்பித் திருடுகிறானா? தனசேகர் போனை நீட்டிக்கொண்டே பாய்ந்து வெளியே வந்தார்.

சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். அவர் கை தானாகக் கீழே இறங்கியது. அங்கே நின்றது அவரைப் பெற்ற வள்ளியாத்தாள்.

அவள் பதறவில்லை. சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்கண்ணன் ஊட்டு போரு வத்தி ஒரு மாசமாச்சு சாமி," என்றாள். "பச்சமுத்தும் நாம்பெத்த புள்ளதான?"